நாலு புள்ளி நாலு

போன வாரம் ஸ்கூடாயில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்து நாற்காலிக்காரர் பிரியாணிக்குள் கோழியைத் தேடிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, வீட்டு லோன் என்ன ரேட்டு ஓடுது?”

“நாலு புள்ளி நாலு.”

மேசையே சாப்பிடுவதை நிறுத்தியது. எதிரே இருந்த அக்கா, “ஐயோ, இன்னுமா மாத்தல?” என்றார். யாரோ எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இருக்கிற பேங்கிலேயே கெஞ்சி வட்டியைக் குறைப்பதா, வேறு பேங்குக்குக் கொண்டுபோவதா? இதைத் தீர்த்துவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ரேட்டுப் பெருமையைப் பற்றிக் கொஞ்சம்.

ஜொகூர் பாருவில் மனிதனுடைய அந்தஸ்து புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூணு புள்ளி எட்டுக்காரர் மூணு புள்ளி எட்டு அஞ்சுக்காரரைப் பார்த்தால் தோளில் தட்டி ஆறுதல் சொல்வார். நாலைத் தாண்டியவனுக்குக் கோயில் கமிட்டியில்கூடப் பொருளாளர் பதவி கிடையாது. காலையில் சிங்கப்பூர் டாலர் விலை, மாலையில் வீட்டு வட்டி. நடுவில் காஸ்வேயில் நிற்கும் நேரத்தில் இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது.

இதில் என் மச்சான் தனி ரகம். 2020 ஜூலையில் பேங்க் நெகாரா ஓ.பி.ஆர் எனும் கொள்கை வட்டியை 1.75க்கு இறக்கியது. நாடு முழுக்க மிதக்கும் வட்டி லோன் எல்லாம் தானாக இறங்கின. மச்சான் போன் பண்ணி, “பேசிக் குறைச்சிட்டேன்” என்றார். யாரிடம் பேசினார் என்று கேட்கவில்லை. 2022 மே மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்தது. 2023 மே மாதம் 3 விழுக்காடு. அது முழுக்க அரசாங்கத்தின் தப்பாம். 2025 ஜூலையில் 2.75க்கு வந்ததும் மறுபடி போன்: “நம்ம மேனேஜர் நல்ல மனுஷன்.” என் வட்டியும் அதே கால் விழுக்காடு குறைந்திருந்தது. நான் யாரிடமும் வாய் திறக்கவே இல்லையே என்றேன். “அதான் உனக்கு நாலு புள்ளி நாலு” என்றார்.

இத்தனை பேரில் ஒருத்தர்கூட லாயர் பில்லைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. நாலு லட்சம் வெள்ளி பாக்கியைப் பேங்க் மாற்றுகிறோம் என்று வையுங்கள். கட்டண அட்டவணைப்படி லாயருக்கு 1.25 விழுக்காடு, அதாவது 5,000 வெள்ளி. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி, 400. லோன் பத்திரத்துக்கு முத்திரை வரி அரை விழுக்காடு, 2,000. வீடு ஆறு லட்சம் பெறும் என்றால், பெறும் என்று எழுதிக்கொடுப்பவருக்கு 1,250. வட்டி 0.4 குறைந்தால் முதல் வருடம் மிச்சமாவது ஏறக்குறைய 1,600. போட்ட காசை எடுக்கவே ஐந்து வருடத்துக்கு மேல். பழைய பேங்கின் லாக்-இன் காலம் முடியாமலிருந்தால் அபராதம் தனி.

“ஜீரோ மூவிங் காஸ்ட், அங்கிள்” என்கிறார் ஏஜெண்ட். செலவு எங்கும் போய்விடவில்லை. லோனோடு சேர்த்துவிடுவார்கள், அல்லது வட்டியில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்கள். பேங்கே கட்டினாலோ, புது லாக்-இன் முடிவதற்குள் நகர்ந்தால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

சரி, இருக்கிற பேங்கிலேயே கேட்போம் என்று போனேன். அங்கே செலவு குறைவு, உண்மைதான். ஆனால் கவுண்டரில் இருந்த பெண், “குறைக்கணும்னா வேற பேங்க் ஆஃபர் லெட்டர் கொண்டு வாங்க அங்கிள்” என்றாள். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவனுக்கு, ஓடிப்போகிறேன் என்று மிரட்டினால்தான் மரியாதை. அவள் தலைக்கு மேலேயே புது வாடிக்கையாளர்களுக்கு மூணு புள்ளி ஒன்பது என்று போஸ்டர். என்னை விடப் புதியவன் அப்படி என்ன செய்துவிட்டான்? இன்னும் ஒரு காசுகூடக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

எது லாபம் என்று சொல்வதாகச் சொன்னேன். பேங்க் நெகாரா அடுத்த கூட்டத்தில் என்ன முடிவெடுக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறார்கள். குறைத்தால் மச்சானே போன் பண்ணிவிடுவார்.