ஒரு முக்காலியின் பதவி உயர்வு

ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முன்னுக்கு வர முடியுமா என்று கேட்கிறார்கள். ஏன் முடியாது? மூன்றே தீபாவளிக்குள் கிடங்கு மூலையிலிருந்து வாசல் கண்ணாடிக்கு வந்து சேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். படிப்பு கிடையாது, சிபாரிசு கிடையாது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. அவர் ஒரு மர முக்காலி.

அவர் சரித்திரத்துக்கு முன்னால் தொழிலின் மகிமையைச் சொல்லிவிடுகிறேன். சரக்கை அழகாக அடுக்கி, போகிறவரை உள்ளே இழுத்து, பர்ஸைத் திறக்க வைக்கிற வித்தைக்கு ‘விஷுவல் மெர்ச்சண்டைசிங்’ என்று பெயர். 1897-ல் எல். ஃப்ராங்க் பாம் என்பவர் சிகாகோவில் இதற்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 1900-ல் கடைக் கண்ணாடி அலங்காரம் பற்றிப் புத்தகமும் போட்டார். அதே ஆண்டு அவர் எழுதிய இன்னொரு புத்தகம் ஓஸ் மந்திரவாதியின் கதை. அதில் ஒரு தகர மனிதன், தனக்கு இதயம் இல்லையே என்று மந்திரவாதியைத் தேடிப் போவான். நம் ஜவுளி முதலாளிகள் முதல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். இரண்டாவதைப் புரட்டியதாகத் தெரியவில்லை. புரட்டியிருந்தாலும், ‘இதயம் இல்லாவிட்டால் என்ன, கல்லா நிறைந்தால் போதாதா’ என்று மூடி வைத்திருப்பார்கள்.

ஆடை வடிவமைப்பாளர் அர்மானி 1957-ல் மிலான் நகரத்தின் லா ரினாஷெந்தே கடையில் கண்ணாடி அலங்காரம் செய்துதான் தொழிலுக்குள் வந்தார். தரமணி நிஃப்ட் ஃபேஷன் கல்லூரிப் பக்கம் கனவோடு நடக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். தென்காசிப் பக்கத்திலிருந்து தியாகராய நகருக்கு பஸ் ஏறுகிற பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. அவளுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: “சாப்பாடு, தங்கல் ஃப்ரீ.”

கடைக்குள் எத்தனை சாஸ்திரம் பாருங்கள். வாசலை ஒட்டிச் சரக்கைக் குவிக்கக் கூடாது. வெயிலில் வந்த கண் பழக வேண்டும். லாபம் கூடிய சரக்கு கண் மட்டத்துக்கு, மலிவானது முழங்காலுக்குக் கீழே. ஜரிகை தகதகக்க மஞ்சள் வெளிச்சம். மேலே போகிற எஸ்கலேட்டர் கண்ணெதிரே நிற்கும். இறங்குவதற்கு மட்டும் அந்தத் தளத்தையே பிரதட்சிணம் செய்ய வேண்டும். பொம்மைக்குக்கூடக் கெண்டைக்காலில் ஒரு கம்பி செருகி, கனமான கண்ணாடித் தட்டில் முடுக்கியிருக்கிறார்கள். பாவம், நாளெல்லாம் நிற்கிறதே, சாய்ந்துவிடக் கூடாதல்லவா?

இப்படி அங்குலம் அங்குலமாக யோசித்த மூளைகள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை: விற்கிற பெண் எங்கே உட்காருவாள்?

ஓர் ஆடித் தள்ளுபடியில் அம்மாவைப் பட்டுப் புடவை எடுக்க அழைத்துப் போயிருந்தேன். எங்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது, காபி வந்தது. எதிரில் நின்றவள் ஒவ்வொன்றாக விரித்தாள். அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, “உங்க நிறத்துக்கு அரக்கு வேண்டாம் பாட்டி, மயில் கழுத்து எடுபடும்” என்றாள். கடைசியில் நாங்கள் எடுத்ததும் அதைத்தான். ஆனால் நடுவில் முப்பது புடவையைப் பிரிக்க வைத்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கீழே விழுந்த பில்லை எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடதிலிருந்து வலதுக்கு உடம்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் கவனித்துவிட்டாள். “நீயும் சித்த உட்காரேம்மா.”

“ஐயோ, அண்ணாச்சி ஏசுவாவ பாட்டி” என்று கண்ணை மேலே காட்டினாள். மேலே சாமி இல்லை, கேமரா இருந்தது.

கடைக்காரப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கை போட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி உட்காரும் உரிமையை 2018-ல் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இதற்காக 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மனிதப் பிறவிக்கு மடங்கும் முழங்கால் உண்டு என்பதைச் சட்டமன்றம் கூடிச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலியின் அருமை அங்கே உட்கார்ந்திருப்பவர்களைவிட யாருக்குத் தெரியும்?

சட்டம் வந்தது. கடைக்கு முக்காலியும் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை, இந்தத் தீபாவளிக்குப் போனபோது அந்தப் பெண்ணே சொன்னாள்.

முக்காலிக்கு முதல் போஸ்டிங் கிடங்குக் கதவுக்குப் பின்னால். ஆபீசர் வருகிறார் என்று போன் வந்தால் தளத்துக்கு வரும். அவர் டீ குடித்துப் போனதும் திரும்பிவிடும். அடுத்த தீபாவளிக்கு உச்சி அலமாரியிலிருந்து பெட்டி எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். உட்காரத் தந்த முக்காலி மேல் ஏறியும் அவள் நின்றாள். மூன்றாம் தீபாவளிக்கு முன்னால், தோளில் பையும் கையில் டேப்லெட்டுமாக அலங்கார நிபுணர் ஒருவர் வந்தார். முக்காலியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “ரஸ்டிக் லுக்!” என்றாராம்.

வாசல் கண்ணாடிக்குள் இப்போது அது இருக்கிறது. தங்க வண்ணம் பூசி, பக்கத்தில் பித்தளைக் குடம் வைத்து, மேலே ஒரு காஞ்சிபுரம் பட்டைச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கென்று தனி விளக்கு. காலடியில் அட்டை: ‘தயவுசெய்து உட்கார வேண்டாம்.’

“அந்தப் பட்டு நான் எடுத்துக் கொடுத்தது அக்கா” என்றாள். அந்த விளக்குக்கு எந்தப் புடவை எடுபடும் என்று நிபுணர் திணறியபோது இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். இவள் ஆறு வருஷமாக சேல்ஸ் கேர்ள். இந்தத் தீபாவளிக்கும் சேல்ஸ் கேர்ள்.

ஆனாலும் கடை அவளை அடியோடு மறந்துவிடவில்லை. புதிதாக ஒரு பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அந்த முக்காலியைத் தூசி தட்டித் துடைக்க வேண்டும்.

நின்றுகொண்டுதான்.