கைகேயி கையில் ரிமோட்டு

வா மாப்ளே, உட்காரு. சிங்காரத்தோப்புல மாடி புடிச்சு, ஏ.சி. போட்டு, பழைய வீடியோ கேசட்டையெல்லாம் புது டி.வி.க்குத் தக்கன மாத்திக் குடுக்கிறியாம்ல? லால்குடிப் பக்கமிருந்தெல்லாம் ஆள் வர்றானாம். உங்க அம்மா பெருமை தாங்காம ஒரு பென் டிரைவைக் குடுத்தனுப்பிச்சா. அந்தக் காலத்துல நம்ம வீட்டு டெக்குல பதிஞ்சு வச்ச தூர்தர்ஷன் ராமாயணம், புள்ள எப்படி ஆக்கியிருக்கான் பாருண்ணேன்னா. பார்த்தேன். அசந்துபோயிட்டேன்.

55 இஞ்சு டி.வி. முழுக்கப் படம். ஓரத்துல ஒரு இஞ்சு கறுப்புக் கிடையாது. ராமர் நெத்தி வரைக்கும் இருக்காரு, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. பட்டாபிஷேகம் நடக்குது. வசிட்டர் ரெண்டு கையையும் தூக்குறாரு, கை மேல போகுது, திரையை விட்டே போகுது, கொஞ்ச நேரங் கழிச்சு வெறுங்கையாத் திரும்பி வருது. கிரீடத்தை வச்சாரா, கையோட கொண்டுபோயிட்டாரான்னு உங்க அத்தை என்னைக் கேட்குறா.

கைகேயி பாவம். அந்த முடி ராமன் தலைக்குப் போகாம இருக்க என்ன பாடுபட்டா! கூனி வந்து ஓதணும், தசரதன் எப்பவோ குடுத்த ரெண்டு வரத்தை ஞாபகம் வச்சிருக்கணும், நகையைக் கழட்டி எறிஞ்சுட்டுத் தரையில கிடக்கணும். உனக்கு ஒரே ஒரு பொத்தான். சரி, மேலதான் போச்சு, கீழயாவது மிஞ்சிச்சான்னு பார்த்தேன். பரதன் பாதுகையை வச்சுக் கும்பிடுறான். கும்பிடு இருக்கு, பாதுகை இல்லை. முடியும் இல்லை, பாதுகையும் இல்லைன்னா அந்த 14 வருஷம் அயோத்தியை ஆண்டது யாரு மாப்ளே, நீதானா?

இன்னொண்ணும் சொல்லணும். நமக்கு இந்தியில ஒரு எழுத்துத் தெரியாது. இந்த ராமாயணத்தை 1987 ஜனவரி 25-ல ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமைக் காலையில டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணை வரைக்கும் சனம் உட்கார்ந்து பார்த்துச்சே, பேச்சைக் கேட்டா பார்த்துச்சு? கதை ஏற்கெனவே தெரியும், மிச்சத்தைக் கண்ணு பார்த்துக்கிச்சு. நீ என்னடான்னா காதுக்கு எட்டாததை முழுசா விட்டுவச்சு, கண்ணுக்கு எட்டினதுல கால் பங்கைக் கழிச்சுட்டே.

கால் பங்குன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லலை. நான் வயக்காட்டுக் கணக்குப் போட்டவன். பழைய டி.வி. அகலம் 4-ன்னா உயரம் 3. புதுசு அகலம் 16-ன்னா உயரம் 9. பழைய படத்தைப் புதுசோட அகலத்துக்குப் பெருக்கினா உயரம் 12 வருது, இடம் இருக்கிறதோ 9-க்குத்தான். 12-ல 3 போச்சா, சுளையாக் கால். நம்ம ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. அதுல கால்னா 59 அடி, மூணேகால் நிலை. தலைமுறை தலைமுறையா மொட்டையா நின்ன கோபுரத்தை அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் முன்னின்னு கட்டி முடிச்சு, ராமாயணம் ஆரம்பிச்ச அதே வருஷம் மார்ச் 25-ல கும்பாபிஷேகம் பண்ணினாரு. மறுபடி மொட்டையாக்க உன் கடை ஒண்ணு போதும். உள்ளே பெரிய பெருமாள் மட்டும் தப்பிச்சுக்குவாரு. படுத்திருக்கிறவரு, உன் டி.வி.க்கு அளவெடுத்த கணக்கா இருப்பாரு. ஆனா அவரைப் படம் புடிக்க விடமாட்டாங்க. நிக்கிறவன்தான் உன்கிட்ட மாட்டுறான்.

வெட்டாம விட்டா என்ன ஆகும்? ரெண்டு பக்கமும் கறுப்பு நிக்கும். 16-ல 12 படம், பக்கத்துக்கு 2 கறுப்பு. ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாரு, அதே கால் பங்குதான். ஆகக் கால் எங்கேயாவது போயே தீரணும், டி.வி.யில சும்மா கிடக்கிறதா, படத்துல போறதாங்கிறதுதான் வழக்கு. டி.வி. வாங்கினவன் காசு குடுத்தவன், அவன் டி.வி.யைக் காப்பாத்திக்கிறான். அன்னிக்கு கேமராவுக்குப் பின்னால நின்னு, கிரீடத்துக்கு மேல இவ்வளவு, பாதத்துக்குக் கீழ இவ்வளவுன்னு பார்த்துப் பார்த்து வச்சவன் இப்ப வந்து நிக்கவா போறான்?

வெட்டாம அப்படியே இழுத்துட்டா என்னன்னு உன் கடைப் பையன் கேட்டானாம். நல்ல யோசனை. எல்லாரும் மூணுல ஒரு பங்கு பெருத்துருவாங்க. 14 வருஷம் சோறு தண்ணி இல்லாம அண்ணனுக்குக் காவல் நின்ன லட்சுமணனுக்குக் கன்னம் ரெண்டும் உப்பி, ராத்திரியில ஒளிச்சு வச்சுத் தின்னானோன்னு சந்தேகம் வந்துரும். விஷ்ணு கையில சக்கரம் முட்டையாச் சுத்தும். ஸ்ரீரங்கத்துல சக்கரத்தாழ்வாருக்குத் தனிச் சன்னதி இருக்கு, அங்க ஒரு கும்பிடு போட்டுட்டு ஆரம்பிக்கச் சொல்லு.

அப்புறம் சீதையம்மா முகம் ஏன் கரைஞ்சு கிடக்குன்னும் விசாரிச்சேன். பழைய ஒளிபரப்புல கண்ணுக்குத் தெரியிற கோடு 576-ஆம். கால் பங்கை வெட்டினா மிச்சம் 432. அதை வச்சு 1080 கோட்டுத் திரையை நிரப்பணும்னா மூக்கு எது முழி எதுன்னு யாருக்குத் தெரியும்? அதுலயும் நம்ம டெக்குல பதிஞ்ச கேசட்டு, கேட்கவே வேணாம்.

ராமாயணத்துல கை வைக்கிறது இந்த ஊருக்குப் புதுசில்லை. கம்பர் தன்னோட காவியத்தை அரங்கேத்தினது ஸ்ரீரங்கத்துலங்கிறாங்க, தாயார் சன்னதிப் பக்கம் கம்பர் மண்டபம் இன்னும் இருக்கு. வால்மீகியில இல்லாத இரணியன் வதையை எப்படிய்யா உள்ளே நுழைச்சேன்னு பெரியவங்க மடக்கினாங்களாம். மேட்டழகிய சிங்கர் தலையை ஆட்டிச் சிரிச்சு ஒத்துக்கிட்ட பிறகுதான் வழிவிட்டாங்களாம். சேர்த்தவருக்கே சாட்சி சொல்லச் சிங்கப்பெருமாள் வரவேண்டியிருந்துச்சு, வெட்டின உன்னை ஒருத்தன் ஏன்னு கேட்கலை. கேட்டாலும் பிரயோஜனமில்லை, சாமி தலையாட்டினதை நீ படம் புடிச்சிருந்தா தலையைக் காணோம்னு ஆயிருக்கும்.

உன்னை மட்டும் சொல்லி என்ன? மெட்ராஸ்ல எடிட்டிங் படிக்கிற என் பேத்தி சொல்றா, வெள்ளைக்காரன் ஊரிலயும் இதே கூத்துத்தானாம். ‘சைன்ஃபெல்ட்’னு ஒரு சிரிப்புத் தொடர், அதுல ஒரு பகுதிக்குப் பேரே ரோட்டுப் பள்ளம். 2021-ல நெட்ஃப்ளிக்ஸ்ல அகலமாக்கிப் போட்டாங்க. ஆளுங்க நின்னு கீழே பார்க்கிறாங்க, பள்ளத்தைக் காணோம். இது தெரிஞ்சா நம்ம பக்கம் ரோடு போடுறவங்க தார் வாங்குறதை நிறுத்திட்டு உன் கடைக்கு வந்துருவாங்க, சாக்கிரதை. ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன்ல ஒரு பீர் ஆலை. மூணு வகை பீர்னு மூணு தொட்டி வச்சிருப்பான். அண்ணாந்து பார்த்தா மூணுக்கும் ஒரே குழாய். அதான் சிரிப்பே. 2019-ல டிஸ்னி பிளஸ்ல வெட்டிப் போட்டதுல குழாய் போய்த் தொட்டி மட்டும் நின்னுச்சு. களவாணிப்பயலைக் காப்பாத்தினது அந்தக் கத்திரிதான். சனம் கத்தின கத்துல 2020 மே மாசம் பழைய அளவையும் திருப்பிக் குடுத்தாங்க.

பிலிம்ல புடிச்ச தொடர்னா கொஞ்சம் வசதியாம், நெகட்டிவ்ல பக்கவாட்டுல மிச்சம் கிடக்குமாம். அப்படித் திறந்துதான் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை அகலமாக்கினாங்க. ஓரத்துல நடிகருக்குப் பதிலா வேற ஆளு உட்கார்ந்திருக்கிறது அம்பலமாயிருச்சு. மறைக்கத்தான் ஓரத்தை விட்டிருந்தான் பாவம். ‘தி வயர்’ தொடரை 2014-ல மாத்தினப்ப அதை உண்டாக்கின டேவிட் சைமனையும் கலந்துக்கிட்டாங்க. சில காட்சி தேறிச்சு, சிலது கெட்டுச்சுன்னு அவரே எழுதினாரு. உன் கேசட்டுல திறக்கிறதுக்கு ஓரமும் இல்லை, கேட்கிறதுக்கு ஆளும் இல்லை.

நம்ம ஸ்ரீரங்கத்துச் சுஜாதா எழுதின ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சே, அந்தக் கேசட்டு எவனாவது கொண்டாந்தா மட்டும் தொடாதே. கதையில புத்திசாலியே ஜீனோங்கிற நாய்தான். நாய் தரையில நிக்கும்.

சினிமாவும் ஒழுங்கில்லை. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் 1973-ல வந்த ‘ராஜராஜ சோழன்’. அந்த மாதிரி அகலப் படத்தை அப்ப டி.வி. சைசுக்குச் சுருக்க ரெண்டு பக்கமும் வெட்டுவாங்க. டூயட்டுல அவன் மூக்கு ஒரு ஓரம், இவ மூக்கு ஒரு ஓரம், நடுவுல மரம் பாடும். அந்தக் கேசட்டை இப்ப நீ வாங்கி மேலயும் கீழயும் வெட்டினா, எடுத்ததுல பாதிகூட மிஞ்சாது. 1964-ல வந்த ‘கர்ணன்’ 2012-ல ஸ்கோப்பாகித் திரும்ப வந்தப்ப நானும் போய் விசிலடிச்சவன்தான். அது வேற. சிவாஜிக்கு ஒரு புருவத்தை விட்டுவச்சாலே தியேட்டர் நிறைஞ்சுரும். உன் கேசட்டுல இருக்கிறவன்லாம் சிவாஜியா?

அதனால மாமன் ஒரு வழி சொல்றேன், கேட்டுக்க. படத்தை முழுசா விடு, பக்கத்துல கறுப்பு நிக்கட்டும். டி.வி. நிறையலையேன்னு எவனாவது மூஞ்சியைத் தூக்கினா, புது டி.வி.ங்க, ஊர்க்கண்ணு பொல்லாதது, திருஷ்டிக்கு ரெண்டு பக்கமும் மை வச்சிருக்கேன்னு சொல்லு. அதுக்குத் தனியா 100 ரூபா கேளு, குடுப்பான். வெட்டித்தான் ஆகணும்னு ஒத்தைக் காலில நிக்கிறவனுக்கு, வெட்டுப்படுறவங்க பேரை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோ. மாமனார் தலை இருக்கிற கேசட்டுன்னா அவன் கை தானா நடுங்கும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். என் பொண்ணு கல்யாணக் கேசட்டையும் உங்க அம்மா உன்கிட்ட குடுத்துட்டாளாமே, இன்னும் கத்திரி வைக்கலையே? வைக்காதே. அம்மி மிதிக்கிறப்ப அம்மி கீழ் ஓரத்துல இருக்கு. வெட்டினா மாப்பிள்ளை எதுக்காகக் குனிஞ்சாருன்னு வம்சமே யோசிக்கும். அருந்ததி காட்டுற எடம் வரும். அருந்ததி எப்பவும் தெரியாது, அது சகஜம். காட்டுற விரலும் தெரியலைன்னா எப்படி? பின்வரிசையில தலைப்பாகையோட நிக்கிறவங்கல்லாம் உங்க தாத்தா வழி ஆளுங்க, பாதிப் பேரு இப்ப இல்லை. முன்னால தரையில உட்கார்ந்து லட்டு தின்கிற பொடிசுல ஒண்ணு நீதான், டவுசர் இல்லாம. உன்னை வேணும்னா வெட்டிக்கோ.

முக்கியமானது இனிமேத்தான். மொய் எழுதுற மேசையை கேமராக்காரன் ஒரு தடவை சுத்திக் காட்டுவான், நோட்டு கீழ் ஓரத்துல விரிஞ்சு கிடக்கும். உங்க சித்தப்பன் 51 ரூபா எழுதிட்டு, 101 எழுதினேன், திருப்பிச் செய்யிங்கன்னு இன்னிக்கும் சாதிக்கிறான். நோட்டைக் கரையான் தின்னாச்சு. என் கையில இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கேசட்டு.

கூலி எவ்வளவு போட்டிருக்கே, 800-ஆ? முழுப் படத்துக்கு 800 நியாயம்தான். வெட்டிக் குடுத்தியோ, முக்கால் படத்துக்கு முக்கால் கூலி, 600. ரசீது எழுதறப்ப மட்டும் கவனம் மாப்ளே, தொகை கீழ் ஓரத்துலதான் வரும்.