ஞாயிறு மெக்கானிக்கும் நாறும் சட்டையும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, முடிச்சூர் ஆகிய புறநகர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் மனித வகைகளுள் ஆராயத்தக்க ஒன்று 'ஞாயிறு மெக்கானிக்' ஆகும். வாரத்தின் ஆறு நாட்கள் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் ஜன்னலோர இருக்கைக்குப் போராடும் எளிய அலுவலராகக் காட்சியளிக்கும் இவர், ஏழாம் நாள் காபி குடித்த கையோடு பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி, தம் பழைய பஜாஜ் சேத்தக்கையோ டி.வி.எஸ். 50-ஐயோ கார் பார்க்கிங்கில் பிரித்துப் போட்டுவிட்டு, குடியிருப்போர் அனைவரும் தம்மைச் சுற்றித்தான் வண்டி எடுக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கிவிடுகிறார். கேம்ப் ரோடு சந்திப்பிலேயே நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்களே என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கு 'டியூனிங்' தெரியாது என்பது இவருடைய மாறாத பதில்.

இவருடைய கருவிகளுள் முதன்மையானது, தலைப்பகுதி வெட்டப்பட்ட தண்ணீர் பாட்டிலில் இருக்கும் பெட்ரோல். கார்புரேட்டரின், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் உறுப்பின், அடிக்கிண்ணத் திருகை இவர் கழற்றும்போது உள்ளே தேங்கிய பெட்ரோல் விரலில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரை ஓடி, சட்டையின் விலாப்பகுதியில் போய்ச் சேர்கிறது. இவரோ கையை ஒருமுறை உதறி, மிச்சத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பெட்ரோல் வரும் நுண்துளை உறுப்பான ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். லுங்கியில் சேர்ந்த பெட்ரோல் அவர் கணக்கில் இல்லை.

இந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. பெட்ரோலே கறையை எடுக்கும் பொருளாயிற்றே, அது எப்படிக் கறையாகும் என்பது அவர் வாதம். அதற்குச் சான்றாக, பட்டுச்சேலையைச் சலவைக் கடையில் 'பெட்ரோல் வாஷ்' கொடுக்கும் தம் மனைவியையே சாட்சிக்கு இழுக்கிறார். தண்ணீரின்றிக் கரைப்பானில் துணி வெளுக்கும் முறைக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சலவைக்காரர்கள் உண்மையிலேயே பெட்ரோல் போன்ற எண்ணெய்களைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதும், பல சலவைக்கூடங்கள் தீப்பற்றி எரிந்ததால் 1920-களில் அவ்வளவு எளிதில் பற்றாத ஸ்டாடர்ட் கரைப்பானுக்கு அமெரிக்கச் சலவைத் தொழிலே மாறத் தொடங்கியது என்பதும் அவர் வாதத்தில் இடம்பெறுவதில்லை.

ஒரு திரவத்தின் ஆவி சுடர் பட்டதும் பற்றிக்கொள்ளத் தேவையான மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலிலும் அந்தக் குளிரைத் தாம்பரம் காணப்போவதில்லை என்பதால், ஞாயிறு மெக்கானிக்கின் சட்டை ஆண்டின் எல்லா நாளும் பற்றத் தயாராகவே இருக்கிறது. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பூஜை விளக்கையோ கொசுவத்திச் சுருளையோ தேடிப் போகக்கூடியது.

அவரோ குளிக்கப் போகும்போது சட்டையைக் கழற்றி, சமையலறையை ஒட்டிய பால்கனியில் உள்ள வாஷிங் மெஷினில் மற்றத் துணிகளோடு போட்டு, பவுடரை மட்டும் இரண்டு பங்காக்கி, பொத்தானை அழுத்திவிடுகிறார். "ஏங்க, பெட்ரோல் சட்டையையா மெஷின்ல போட்டீங்க?" என்று உள்ளிருந்து வரும் குரலுக்கு, "எல்லாம் ஆவியாப் போயிருக்கும்மா" என்பது பதில். மூடிய தொட்டிக்குள் ஆவி, அதன் அடியில் மின்மோட்டார் என்ற சேர்க்கையின் பொருள் அந்தக் குரலுக்குப் புரிந்த அளவு அவருக்குப் புரிவதில்லை. தீ மூளாமல் போனாலும் அன்று துவைத்த பள்ளிச் சீருடை வரை அனைத்திலும் பெட்ரோல் பங்க் வாசம் வீசுகிறது.

உரிய முறை அவருடைய வாதத்தைவிடச் சுருக்கமானது. சட்டை நன்றாக நனைந்திருந்தால், அதைக் கழற்றும்போது எழக்கூடிய நிலைமின் பொறியைத் தவிர்க்க முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். பெட்ரோல் பட்ட தோலை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துணியை அடுப்பும் விளக்கும் சுவிட்சும் இல்லாத மொட்டை மாடிக் கொடியில் நிழலில் காயவிட வேண்டும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்த பின்னும், கனமான பகுதியும் டூ-ஸ்ட்ரோக் வண்டியாயின் அதில் கலந்த டூ-டி ஆயிலும் நூலிழையில் தங்கிவிடும். சட்டையில் தெரியும் மஞ்சள் வட்டம் அதுதான். அதன்மேல் டால்கம் பவுடரைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு உதறலாம். 'பாண்ட்ஸ்' என்றே பஸ் நிறுத்தம் வைத்திருக்கும் பல்லாவரத்துக்கு அண்டை ஊரார் வீட்டில் பவுடருக்குப் பஞ்சம் இருக்காது. பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவைத்து, வாளியில் தனியாகக் கையால் துவைக்க வேண்டும். கொதிநீர், பிளீச்சிங் பவுடர் என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் வரும் யோசனைகளைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். வாசம் அறவே போகும்வரை மெஷினும் கூடாது, டிரையரும் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. முனையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுப்பது அவருடைய கரிநெருப்புக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு மூன்று முறை துவைத்தும் வாசம் போகாத சட்டை, மனைவியின் ஆணைப்படி வண்டி துடைக்கும் துணியாகப் பதவியிறக்கம் பெறுகிறது; அதில் ஞாயிறு மெக்கானிக்குக்கு உள்ளூர மகிழ்ச்சியே. அந்தத் துணியையும், தேய்ந்து தூக்கியெறியும்போது, வெளிக்காற்றில் முழுக்க உலர்த்திய பிறகே தாம்பரம் மாநகராட்சியின் குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும்.