சுவிஸ் மாமா மலை தேடுகிறார்

ஆடி பிறந்தால் எங்கள் ஒழுங்கைக்குள் கடகடவென்று ஒரு சத்தம் வரும். சோழகக் காற்றுக்குக் காவோலை அடிக்கிற சத்தம் வேறு. இது சில்லுப் பூட்டிய பெட்டி மக்கி றோட்டில் இழுபடுகிற சத்தம். நாய்கள் குரைக்கும். வேலிக்கு மேலால் நாலு தலை எட்டிப் பார்க்கும். "சுவிஸ்காரர் வந்திட்டினம்" என்ற செய்தி, அவர்கள் படலையைத் திறக்க முன்னமே சந்திக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சுவிஸ் மாமாவுக்குத் தனிப்பெயர் தேவையில்லை. வாடையும் சோழகமும் போல அவரும் பருவம் தவறாமல் வீசுகிற ஒரு காற்று. சில வளவுகளில் லண்டன் மாமாவாக வீசுவார், சிலவற்றில் கனடாச் சித்தப்பாவாக. அங்க அடையாளம் ஒன்றுதான்: முழங்காலோடு நிற்கிற காற்சட்டை, அதில் ஒன்பது பொக்கற்று. எட்டில் ஒன்றும் இராது. ஒன்பதாவதில் வயிற்றோட்டக் குளிசை.

முந்திய மாமாக்கள் நல்லூர்த் திருவிழா, கலியாண வீடு, காணி உறுதி என்று மூன்று அலுவலோடு திரும்பிவிடுவார்கள். இப்போதைய மாமாவுக்கு நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "பிள்ளையளுக்கு ஒரு அட்வெஞ்சர் காட்டவேணும்."

வந்த அன்று பின்னேரமே, பிளேன்ரீ ஆற முன்னம், கைபேசி வெளியே வரும். படம் இன்ரர்லாக்கனில் எடுத்தது. தூண் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவே இருக்கிற ஊர். பேயாத்தன்பேர்க் மலைச்சரிவில் இரண்டு பேர் ஒன்றாக ஓடுகிறார்கள். தலைக்கு மேலே அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய முக்கோணச் செட்டை. நாலைந்து பாய்ச்சலில் காலுக்குக் கீழே நிலம் இல்லை. இயந்திரமும் இல்லை. முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு பைலட் தன் உடம்புப் பாரத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அந்தப் பக்கம் செட்டை திரும்பும். இப்படியே மிதந்து வந்து, ஊர் நடுவில் இருக்கிற பெரிய புல்வெளியில் இறங்குவார்கள். இதுதான் ஹாங் கிளைடிங். ஒருவருக்குப் பதில் இருவர் தொங்கினால் அதற்கு ரண்டெம் என்று பெயராம். இரண்டாவதாகத் தொங்கியவர் எங்கள் மாமா.

ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"உதார் தம்பி பக்கத்திலை?"

"பைலட், அம்மா. அவர்தான் ஓட்டுறது."

"அப்ப நீ?"

"நானும் பறக்கிறன்."

"அவர் பறக்கிறார். நீ பார்சல்."

மாமா படத்தை நிற்பாட்டப் பார்த்தார். ஆச்சி விடவில்லை. "ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய்?"

"காத்து, அம்மா."

"காசு குடுத்து ஏறினால் கண்ணைத் திறந்து பாக்கிறேல்லையே?"

மறுநாள் ஹைக்கிங். அதற்கு மலை வேண்டும். குடாநாட்டை மாவரித்தாலும் மலை அகப்படாது. பெயரில் மலை வைத்திருப்பது கீரிமலை. பிள்ளைகள் முதுகுப்பையும் தொப்பியுமாக வானால் இறங்கினார்கள். எதிரே கடல். பக்கத்தில் கேணி. ஏற ஒன்றுமில்லை, படி இறங்கத்தான் வேண்டும். "அப்பா, மலை எங்கை?" என்று மகன் கேட்டான். கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரின் கதையைச் சொல்லி மாமா சமாளித்தார். கேணிக்கட்டிலிருந்து ஊர்ப் பெடியள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருக்க, உயிர்காப்பு அங்கி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னம் இதே கட்டிலிருந்து குதித்து அப்புவிடம் அடி வாங்கிய ஆள் அவர்.

பிறகு யாரோ மணற்காட்டைச் சொன்னார்கள். வடமராட்சிக் கிழக்கில் கடலோரம் முழுக்க மணற்குன்று. மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுவிஸில் விடியமுன் வெளிக்கிடுவார்களாம். இங்கே பிட்டும் சம்பலும் முடியப் பத்து மணி. மாமா இரண்டு கையிலும் நீட்டிக் குறுக்கும் ஊன்றுதடிகளோடு ஏறினார். ஊன்றினால் தடி மணலுக்குள் போகும், இழுத்தால் மாமா கீழே வருவார். ஒரு கிழவி தலையில் சவுக்கு விறகோடு, காலில் செருப்பில்லாமல், அவரைக் கடந்து போனார். பிறகு இரக்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, ஏதும் துலைச்சுப்போட்டியளே?"

உச்சியை அடைந்ததும் கைமணிக்கூடு கிணுங்கிற்று. மாமா பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இழுத்து மூடினார். மகள் எட்டிப் பார்த்து உலகத்துக்கு அறிவித்தாள்: "ஒன்பது மீற்றர்!"

நெடுந்தீவுக் குதிரை பார்க்கக் குறிகட்டுவானில் படகேறிய கதையை விரிக்க வேண்டாம். சோழகக் கடல். ஆகாயத்தில் கலங்காத மாமா அந்த ஒரு மணித்தியாலத்தில் நயினை நாகபூசணியையும் மடு மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

பறக்கிற கதைக்கு முடிவு கட்டியது பக்கத்து வீட்டுப் பெடியன். "அங்கிள், பறக்கிறதெண்டால் வாடைக்கு வாங்கோ. தைப்பொங்கலண்டு வல்வெட்டித்துறையிலை பட்டப்போட்டி. கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம், வீட்டளவு பட்டமெல்லாம் எழும்பும்." பிறகு கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் நடந்தது. பெரிய பட்டமொன்றை ஏற்றக் கூட்டமாகக் கயிறு பிடிக்கிறார்கள். காற்று இழுக்க மற்றவர்கள் கையை விட, ஒருவர் மட்டும் விடாமல் பிடித்தபடி தென்னை உயரத்துக்குப் போகிறார். கீழே நின்றவர்கள் கத்துகிறார்கள். கொஞ்சம் பதிந்ததும் கையை விட்டு விழுந்து, சிறு காயத்தோடு தப்பினார்.

"ஹெல்மெற்?" என்றார் மாமா.

"இல்லை."

"இன்சூரன்ஸ்?"

பெடியன் பதில் சொல்லவில்லை. ஆச்சிதான் சொன்னார்: "அவர் கண்ணை மூடேல்லை."

கடைசிக் கிழமை, முற்றத்தில் நிலவு. மாமா அடுத்த வருசத்துத் திட்டத்தை விரித்தார். கூடாரம், வழிகாட்டி, காட்டுக்குள் ஐந்து நாள் நடை. "அம்மா, உங்களுக்கு உது விளங்காது."

ஆச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "எந்தக் காடு? நான் யாலை வழியாப் போனனான்."

மாமாவின் தலை நிமிர்ந்தது.

"செல்வச்சந்நிதியிலையிருந்து கதிர்காமத்துக்கு. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எண்டு ஒன்றரை மாசத்துக்கு மேலை நடை. ஒகந்தையிலை அரிசி, பருப்பு, தண்ணி எல்லாம் கட்டிக்கொண்டு இறங்கினால் பேந்து கடை கண்ணி இல்லை. கும்புக்கன் ஆத்தைக் கடந்தால் முழுக்கக் காடு. ஆனை நிண்டால் அரோகரா எண்டு நிப்பம். அது போனாப் பிறகு நாங்கள் போவம்."

"சப்பாத்து?"

"ரப்பர் செருப்பு. அதுவும் பொத்துவிலிலை அறுந்துபோச்சு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ரெலிபோனிலை சொன்னனானே. கோயிலுக்குப் போறன் எண்டு."

போகிற அன்று பெட்டிகளைத் தூக்குத் தராசில் நிறுத்தார்கள். ஒடியலும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஏற, ஊன்றுதடிகளுக்கு இடமில்லை. "அம்மா, நீங்கள் வைச்சிருங்கோ, நடக்க உதவும்" என்று மாமா கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்றுப் போனேன். ஆச்சி ஊன்றுதடியை முழு நீளத்துக்கு இழுத்து, நுனியில் கொக்கச்சத்தகத்தைக் கட்டி, முருங்கைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்ல தடி," என்றார். "மற்றதுக்கும் ஒரு சத்தகம் வேண்டவேணும்."