பிங் போகுதே தம்பி!

வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த கையோடு கறுப்புத் திரையைத் திறந்துவிடுவார். வயர் எங்கிருந்து எங்கே போகிறது, போன வாரம்வரை வேலை செய்ததா, நடுவில் யாராவது பீரோவை நகர்த்தினார்களா, இதெல்லாம் அவருக்கு வேண்டாத சமாச்சாரம். டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையை என்னிடம்தான் இரவல் வாங்கிப் படிக்கிறார். நீங்களும் யாரென்று கேட்கப்போவதில்லை. உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருக்கிறார், மாடிதான் வேறு.

ஹால் கம்ப்யூட்டரும் உள்ளறைக் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பேசமாட்டேன் என்கின்றன என்று லிஃப்டில் வாய்தவறிச் சொன்னால் போதும். தன் மாடியில் இறங்காமல் நம் மாடியில் இறங்குவார்.

ஒற்றை ஆள்காட்டி விரல். பி. ஐ. என். ஜி. பிறகு உள்ளறைக் கம்ப்யூட்டரின் எண். என்டர். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடுவார். விண்டோஸ் நான்கு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். அவருக்கு நான்கு போதாது. ‘மைனஸ் டி’ என்று ஒன்றைச் சேர்த்து மறுபடியும் தட்டுவார். இனி யாராவது நிறுத்தும்வரை வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். டிவி சீரியல் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தபடியே தட்டிலிருக்கும் முறுக்கைக் காலி செய்வார்.

“பிங் போகுதே தம்பி!”

“ஃபைல் போகலையே சார்?”

“அது வேற. லைன் ஓகே.”

இந்த ‘அது வேற’யில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். பிங் செய்வது ஒரே வேலை. “இருக்கியா?” என்று இங்கிருந்து ஒரு சின்னப் பொட்டலம் போகும், “இருக்கேன்” என்று அங்கிருந்து ஒன்று வரும். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், தம் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று அவசரத்துக்கு எழுதிய சின்ன நிரல் அது. கோளாறைத் தேடத்தான் அதை எழுதினார். எழுதிய மனிதருக்கே குறி கோளாறுதான். நம்மவருக்கு பிங்கே போதும்.

சரி, அந்த பிங்காவது போனதா? அன்றைக்கு ஓடிய வரிகளை என் மகள் பின்னாலிருந்து முழுசாகப் படித்தாள். இவர் வரியின் முதல் வார்த்தையான ‘ரிப்ளை’யைத் தாண்டிப் படித்ததே இல்லை. அதற்கப்புறம் யார் பதில் சொன்னது என்று ஓர் எண் இருக்கும். அது உள்ளறைக் கம்ப்யூட்டரின் எண் இல்லை. இவர் முன்னால் இருக்கிற ஹால் கம்ப்யூட்டரின் எண். அதற்கும் அப்புறம் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. அதாவது, “நீங்க தேடற ஆளு கிடைக்கலீங்க” என்று நம் கம்ப்யூட்டரே நமக்குச் சொல்கிறது.

அநியாயம் என்னவென்றால், விண்டோஸும் இவருக்குக் கூட்டு. ஆள் கிடைக்கவில்லை என்ற அந்தத் தகவலையும் வந்த பதிலாகவே கணக்கில் சேர்த்து, கடைசியில் அனுப்பியது 4, வந்தது 4, நஷ்டம் 0 சதவீதம் என்று கூட்டிக் காட்டும். நஷ்டமே இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் இலாகாக்காரர் விடுவாரா? “பாத்தீங்களா? ஜீரோ பர்சென்ட் லாஸ்! எங்க காலத்துல இதுக்கு மெமோ குடுத்துப் பாராட்டுவாங்க.”

“அங்கிள், அது நம்ம கம்ப்யூட்டரே சொல்ற பதில்” என்றாள் மகள்.

“அதுவும் டெஸ்ட்ல ஒரு பார்ட்டும்மா.”

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கூத்து உண்டு. எதிர்க் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாதே என்று தடுத்து வைத்திருக்கும். மற்றபடி எல்லாம் சுகம். அப்போது பார்த்து “கார்டு அவுட்டு, மாத்திடுங்க” என்பார். எத்தனையோ வீடுகளில் நல்ல நெட்வொர்க் கார்டுகள் இப்படிக் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன.

உள்ளறைக்கு மட்டும் அவர் போகவேமாட்டார். அங்கே இருந்த கம்ப்யூட்டரோ, வயர் செருகப்படவில்லை என்று திரையோரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, தன்னாலானதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் போதும்: வயர் முனையிலுள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்து பிளக் அரை அங்குலம் வெளியே நழுவியிருந்தது. எரியவேண்டிய குட்டிப் பச்சை விளக்கு எரியவில்லை.

அந்த பிளக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். உள்ளே எட்டுக் கம்பி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். நூறு வேகத்துக்கு நாலு கம்பி போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும்; நூறுக்கு வேண்டாத நாலில் ஒன்று அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் சாகாது, வேகம்தான் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதை என் மகளுக்கு அவர் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில்கூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை என்றாள். கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர், காலணா வாங்காதவர். குனிவதுதான் கிடையாது.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஃபைல் ஏன் போகவில்லை என்று ஆராய்கிற சாக்கில் அவர் செய்துவிட்டுப் போனதைக் கேளுங்கள். “சும்மா டெஸ்டுக்கு” என்று ஹால் கம்ப்யூட்டரில் ஃபயர்வாலை அணைத்தார். பகிர்வதற்குப் பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தினார். ஒரு ஃபோல்டரைப் பகிரச் சொன்னால் சி டிரைவ் மொத்தத்தையும் பகிர்ந்து, ‘எவ்ரிஒன்’ என்பதற்கு நேரே ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்று டிக் போட்டார். வைஃபை பாஸ்வேர்டு வாங்கிப்போன எதிர்வீட்டுப் பையன் நினைத்தால் என் வருமான வரிக் கணக்கை அழிக்கலாம். ஹால் கம்ப்யூட்டருக்கு ‘ராசியான நம்பர்’ என்று ஒரு நிலையான எண்ணையும் கொடுத்தார். ரூட்டர் அதே எண்ணை என் மனைவியின் போனுக்கும் கொடுத்துவைக்க, இரண்டும் மாறிமாறிச் செத்தன. எதை மாற்றினோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைக்கிற வழக்கம் இந்த ஜாதிக்கே கிடையாது.

கம்ப்யூட்டர் கடைப் பையனை வரவழைக்கவும் வழியில்லாமல் இருந்தது. அவர் மனசு புண்படும். மாலை வாக்கிங் போகிற நேரம் பார்த்துத்தான் வரச்சொன்னோம். பையன் நேரே உள்ளறைக்குப் போய்க் குனிந்தான். பழைய பிளக்கை நறுக்கிவிட்டு, எட்டுக் கம்பியையும் வரிசைப்படுத்திப் புது பிளக்கில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். விளக்கு எரிந்தது, ஃபைல் போனது. ஃபயர்வால், பகிர்வு, ராசியான நம்பர் எல்லாவற்றையும் பழையபடி வைக்க அதைவிட நேரம் பிடித்தது. பாதியில் காலிங்பெல் அடித்தது. வாக்கிங் சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

“தம்பி, ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். எதுக்கும் அந்த ரூம் கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு பிங் போட்டுப் பாத்துருவோமா?”