மீனுக்கு ஊத்திக் கொடுத்த மருமவன்

வாடா மருமவனே. உன் குளத்து மீனெல்லாம் விடியக்காலம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதாமே? முந்தாநேத்து பீர் கம்பெனி பார்லிச் சக்கையை ஒரு வண்டி கொண்டாந்து தண்ணியில கவுத்தியே, அப்பவே நெனச்சேன். டீக்கடையில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? "தனக்குப் பாதி, மீனுக்குப் பாதின்னு ஊத்திக் கொடுத்திருக்கான், மப்பு இன்னும் தெளியலை"ன்னு. மப்பும் இல்ல, மண்ணும் இல்ல. சக்கை அழுகும்போது தண்ணியில கெடக்குற பிராணவாயுவை அது தின்னுது. ராத்திரியில பாசியும் பங்குக்கு வந்துரும். மிச்சம் என்ன இருக்கும் உன் கட்லாவுக்கு? மொதல்ல மோட்டாரைப் போட்டுத் தண்ணியைப் பீச்சி அடி. அப்புறம் வந்து ஒக்காரு.

போட்டாச்சா? சரி.

உன்னை நான் முட்டாள்னு சொல்லலை. அதைச் சொல்றதுக்கு உங்க அத்தை இருக்கா. சரக்கு நல்ல சரக்குதான். 100 லிட்டர் பீர் காய்ச்சினா ஈரச் சக்கை 20 கிலோ மிஞ்சும். நீ இதுவரைக்கும் குடிச்சதுக்குக் கணக்குப் போட்டா நம்ம தெரு மாடு பூரா மாசக்கணக்குல தின்னும். காயவச்சுப் பாத்தா அதுல நூத்துக்கு 20லேருந்து 30 வரைக்கும் புரதம். ஆனா முக்காவாசிக்கு மேல தண்ணிடா. சக்கைன்னு நீ வண்டி வாடகை கொடுத்து ஏத்திக்கிட்டு வந்தது பெரும்பாலும் தண்ணி. காவிரிப் பாசனத்துல பொறந்தவன் காசு கொடுத்துத் தண்ணி வாங்கின கதையை நான் வேற எங்க போய்ச் சொல்றது?

'மாடு திங்குதே மாமா'ங்கிற. திங்கும். மாட்டுக்கு வயித்துக்குள்ளயே புளிக்கிற தொட்டி இருக்கு. எந்த நாரைப் போட்டாலும் உள்ளாற இருக்கிற நுண்ணுயிரு ஊறவச்சுப் பிரிச்சுக் கொடுத்துரும். உன் கட்லா, ரோகு, மிர்கால் மூணுக்கும் இரைப்பையே கிடையாது. வாயை விட்டா நேரா குடல்தான். பார்லி உமியை அது என்னடா பண்ணும்? ஆக, மாடு வயித்துக்குள்ள பண்ற வேலையை நீ வெளியில ட்ரம்முல பண்ணணும். அதுக்குத்தான் புளிக்க வைக்கிறது.

இட்லி மாவு தெரியும்ல? தின்னத் தெரியும், சரி. வந்த அன்னிக்கே சக்கையைப் பிழிஞ்சிரு; நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள் தாங்காது. அரிசித் தவிடு கலந்து, கொஞ்சம் வெல்லம், ஒரு செம்பு புளிச்ச மோரு விட்டுப் பெசறி, நீல ட்ரம்முல காத்துப் போகாம அமுக்கி மூடு. நாலஞ்சு நாள் கழிச்சுத் தொறந்தா பழைய சோத்துத் தண்ணி மாதிரி புளிச்ச வாசம் வரணும். பொண நாத்தம் அடிச்சாலோ, பச்சையும் கறுப்புமா பூத்திருந்தாலோ குப்பைக்குழிதான், யோசிக்காதே. நல்லா வந்தா நெழல்ல உலத்திப் பிண்ணாக்கோட சேரு.

நாரை ஒடைக்க மோரு மட்டும் பத்தாது, ஆராய்ச்சிக்காரங்க ஈஸ்ட், பேசிலஸ்னு தேர்ந்தெடுத்த நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைக்கிறாங்க. அதுல நாரு ஒடையுது. இன்னொண்ணும் நடக்குது. தவிடு, சோயா, பிண்ணாக்கு எல்லாத்துலயும் பாஸ்பரஸ் இருக்கு. ஆனா பைட்டேட்டுங்கிற பூட்டுக்குள்ள இருக்கு. மீன்கிட்ட சாவி கிடையாது. தின்னதை அப்படியே கழிச்சிரும், பாசி அதைத் தின்னு கொழுக்கும். நீ வளக்குறது மீனா, பாசியான்னு எனக்குப் பல நாளா சந்தேகம். அந்தப் பூட்டைத் தொறக்கிற நொதி நுண்ணுயிருகிட்ட இருக்கு. சோயாவை அப்படியே போடுறதுல வேற வம்பும் உண்டு. நார்வேக்காரன் சால்மனுக்கு அதை அதிகமாப் போட்டுக் கொடலே வீங்கிப் போச்சு. பணக்கார மீனுக்கே அந்தக் கதி.

பீர்த் தொட்டியடியில தங்குற ஈஸ்ட் கெடைச்சா இன்னும் ஒசத்தி. காஞ்சதுல பாதிக்குப் பாதி புரதம், நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்புற பீட்டா குளுக்கனும் உண்டு. ஆனா உசுரோட போடாதே, சூடு காட்டிப் போடு. பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் அதுல ஒட்டியிருக்கும், மீன் மூஞ்சியைத் திருப்பிக்கும். கசப்பைப் பழகிக் குடிக்க அது என்ன நீயா?

உடனே பிண்ணாக்கை நிறுத்திப்புடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். மெத்தியோனின்னு ஒரு சத்து ஈஸ்ட்டுல கம்மி. அதை நம்பி எல்லாத்தையும் விட்டா மீன் ஊசியாட்டம் நிக்கும். மொத்தத் தீவனத்துல பத்துல ஒரு பங்கா ஆரம்பி, எடை பாத்து ஏத்து. பூசணம் பிடிச்ச கடலைப் பிண்ணாக்கைப் புளிக்க வச்சா வெசம் போயிரும்னு எவனாவது சொன்னா, அவன் கடையில பழைய பிண்ணாக்கு தேங்கிக் கெடக்குன்னு அர்த்தம். தீவனத்தைக் குளத்துல அள்ளி எறியவும் வேணாம். ஆந்திராக்காரன் மாதிரி ஓட்டை போட்ட சாக்குல கட்டி மூங்கில்ல தொங்கவுடு, மீன் இடிச்சு இடிச்சுத் தின்னுக்கும். தின்னாம மிஞ்சுனது சாக்குலயே தெரியும். தீவனச் செலவுதான் குளத்துச் செலவுல பாதிக்கு மேல, அது கரையுறது கண்ணுக்குத் தெரியட்டும்.

ட்ரம்மை எங்க வைக்கிறதா? என் வீட்டுக் கொல்லையில வைடா, நெழலு இருக்கு. பாத்துக்கிறேன். உங்க அத்தை மூக்கு பொல்லாத மூக்கு, வாசம் வந்ததும் என்னைத்தான் பிடிப்பா. நாப்பது வருசமா எது நாறினாலும் 'அது மீனுக்குடி'ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த ஒரு தடவையாவது நெசமா இருந்துட்டுப் போகட்டும்.