காக்க வைப்பதற்குக் கூலி

எந்த ஊரிலும் தாமதமாகக் கட்டுகிறவனிடம்தான் தண்டம் வசூலிப்பார்கள். கரண்ட் பில்லோ காலேஜ் ஃபீஸோ, கெடு தாண்டினால் அபராதம். நியாயம்தான். ஆனால் தாமதம் செய்கிறவர் கவுன்ட்டருக்கு உள்ளே சாவகாசமாக உட்கார்ந்திருப்பார், அந்தத் தாமதத்துக்கான தண்டத்தை வெளியே கால்கடுக்க நிற்கிறவன் கட்டவேண்டும் என்று ஒரு முறையை உருவாக்கி, அதற்குப் படிவ எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறது அமெரிக்கக் குடியேற்றத் துறை. பொருளாதாரத்துக்கான நோபலுக்கு இதைவிடத் தகுதியான ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

விவரம் இதுதான். கிரீன் கார்டு கேட்டு ஐ-485 என்ற மனுவைப் போட்டுவிட்டீர்கள். அது கையில் கிடைக்கும்வரை வேலைக்குப் போக ஒரு அட்டை வேண்டும், அதற்கு ஐ-765. ஊருக்குப் போய்த் திரும்பி வர ஒரு அனுமதி வேண்டும், அதற்கு ஐ-131. முதல் அட்டையை எல்லோரும் ஈஏடி என்பார்கள், இரண்டாவதை அட்வான்ஸ் பரோல். அசல் காரியம் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டால் இந்த இரண்டுக்கும் வேலையே இல்லை. காரியம் முடியாததுதான் இவற்றின் பிழைப்பு.

2007 நடுப்பகுதி வரை இவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம், புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும். இழுக்க இழுக்க வருமானம். இப்படி இருந்தால் எந்த அலுவலகம்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று அதே அரசாங்கத்தின் குறைதீர்ப்பாளரே கேட்டார். அந்த வருடம் ஜூலை 30 முதல் ஐ-485 கட்டணத்தை 325 டாலரிலிருந்து 930 டாலராக ஏற்றினார்கள். கைரேகைக்கு மேலும் 80. பிரசவ வலி மாதிரியான ஏற்றம். ஆனால் அதற்குள் ஒரு நாணயம் இருந்தது: ஒருமுறை கட்டினால் போதும், எத்தனை வருடம் இழுத்தாலும் இடைக்கால அட்டைக்குத் தனியாகப் பணம் கிடையாது. தாமதம் எங்களுடையது, செலவும் எங்களுடையது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அபூர்வ காலம் அது. பதினாறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

2024 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த நாணயத்துக்கும் முட்டாள்கள் தினம் கொண்டாடினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை, கைரேகையும் இடைக்கால அட்டைகளும் சேர்த்து ஒரு ஆளுக்கு 1,225 டாலர். அன்றிலிருந்து ஐ-485-க்கு 1,440, வேலை அட்டைக்கு 260, பயணத் தாளுக்கு 630, மொத்தம் 2,330. முன்பே மனுப் போட்டவர்கள் தப்பினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 260-ம் 630-ம் மறுபடி முதலிலிருந்து. ஊரில் இதற்கு மீட்டர் வட்டி என்று பெயர். மீட்டர் வட்டிக்காரனாவது கடன் என்று ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மீட்டரைப் போடுவான்.

இந்தத் துறை மக்கள் வரிப்பணத்தில் ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முழுச் செலவும் மனுதாரர் கட்டும் கட்டணத்திலிருந்துதான். வந்தேறிகள் நம் வரியில் வாழ்கிறார்கள் என்று டிவியில் கத்துகிறவர்களுக்கு, அந்த வந்தேறிகளைக் காக்க வைக்கும் ஆபீசுக்கே அவர்கள்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யாராவது காதில் போடுங்கள்.

சரி, மீட்டர் போட்டாகிவிட்டது. அது வேகமாக ஓட வேண்டாமா? 2023 செப்டம்பரில் ஈஏடியின் ஆயுளை ஐந்து வருடம் ஆக்கினார்கள். பேப்பர் வேலை குறையும் என்றார்கள், குறைந்தது. புத்தி தெளிந்துவிட்டதோ என்று நாமும் நம்பினோம். 2025 டிசம்பரில் அதே ஐந்து வருடத்தைப் பதினெட்டு மாதமாக வெட்டினார்கள். காரணம், பாதுகாப்பு: ஆளை அடிக்கடிச் சோதிக்க வேண்டுமாம். வேலைக்கு வந்த நாளிலிருந்து கைரேகை, படம், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, வருமானவரிக் கணக்கு என்று எல்லாவற்றையும் இவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒரே வீட்டில் ஒரே மனைவியுடன் ஒரே கம்பெனிக்கு உழைக்கிற ஆளைத்தான். ஐந்து வருடத்தில் மாறாத கைரேகை ஒன்றரை வருடத்தில் மாறிவிடும் என்று யாரோ விஞ்ஞானி சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மாதம் முன்பே இன்னொரு கதவையும் சாத்தியிருந்தார்கள். பழைய அட்டை காலாவதி ஆவதற்குள் புதுப்பிக்க மனுப் போட்டிருந்தால், பதில் வரும்வரை பழையதே 540 நாள்வரை செல்லும் என்று ஒரு விதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் அது இல்லை. காலாவதிக்கு 180 நாள் முன்புதான் புதுப்பிக்க மனுப் போடலாம், அதற்கு முன்னால் போட்டால் வாங்க மாட்டார்கள். அந்த 180 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. கெடு நமக்கு மட்டும்தான்.

காலாவதி நாளில் என்ன நடக்கும்? ஒன்றும் ஆரவாரம் இருக்காது. ஹெச்.ஆரிலிருந்து மிக மரியாதையாக ஒரு மெயில் வரும். நாளையிலிருந்து வர வேண்டாம், லேப்டாப்பைத் திருப்பி அனுப்பப் பெட்டி வரும், உங்கள் பொறுமைக்கு நன்றி. பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸும் இந்த அட்டையின் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் உயிர்வாழ்கிறது. அதுவும் கூடவே மண்டையைப் போடும். வீட்டுக் கடனின் தவணை மட்டும் தன் தேதியை மறக்காது.

அட்டையாவது பரவாயில்லை. பயணத் தாளின் மகிமை தனி.

டல்லாஸில் ஒருவர். எச்-1பி என்ற வேலை விசாவை விட்டுவிட்டு ஈஏடியில் வேலை மாறிக்கொண்டவர். அட்வான்ஸ் பரோல் முடிந்து, புதுப்பிக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். தஞ்சாவூரில் அம்மா ஐ.சி.யு.வில். "அண்ணே, உடனே கிளம்பி வந்துரு" என்கிறான் தம்பி. பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, ஆபீசில் லீவும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் கையில் இல்லாமல் விமானம் ஏறினால் கிரீன் கார்டு மனுவைக் கைவிட்டதாகக் கணக்கு. பதினைந்து வருட வரிசை ஒரு போர்டிங் பாஸில் போய்விடும்.

அவசரத்துக்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் இணையதளத்தில் எம்மா என்ற தானியங்கிப் பெண்ணிடம் பேச வேண்டும். சுதந்திரதேவி சிலையின் பீடத்தில் உள்ள கவிதையை எழுதிய எம்மா லாசரஸின் நினைவாக வைத்த பெயர். ஏழை எளியவரை வாசலில் நின்று வரவேற்றுப் பாடிய கவிஞருக்கு, கேள்வி புரியவில்லை, வேறு மாதிரிக் கேளுங்கள் என்று சொல்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எம்மாவைத் தாண்டினால் பதிவுசெய்த குரல். அதையும் தாண்டினால் ஒரு மனிதர். அவர், இன்னொரு மனிதர் உங்களைக் கூப்பிடுவார் என்பார். அந்த இன்னொரு மனிதர் மனது வைத்தால் உள்ளூர் ஆபீசில் ஒரு நேரம் கிடைக்கும். அங்கே படிவம், பணம், இரண்டுக்கு இரண்டு அங்குலப் படம், எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரம்தான் என்பதற்கு அத்தாட்சி.

அத்தாட்சி என்றால் டாக்டர் கடிதம். தஞ்சாவூர் டாக்டர் நல்ல மனிதர். "சீரியஸ்தான் தம்பி, ஆனா பல்ஸ் கொஞ்சம் ஸ்டெடி ஆகியிருக்கு, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்கிறார் போனில். உலகத்தில் எந்த மகனும் கேட்கத் தவம் கிடக்கிற வார்த்தை. இந்த மகன் சொல்கிறார்: "டாக்டர், அந்த நம்பிக்கையை மட்டும் லெட்டர்ல எழுதிடாதீங்க."

இறப்புச் சான்றிதழ் என்றால் இன்னும் சுலபம். அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

அப்படியே தாள் கிடைத்துப் போய் வந்தாலும், திரும்பும்போது விமான நிலையத்தில் தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். போனைத் தொடாதே என்று சுவரில் எழுதியிருக்கும். தாள் இருப்பதால் உள்ளே விட்டே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது அந்த அதிகாரியின் விருப்பம். விட்டாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் முறைப்படி உள்ளே நுழைந்தவர் அல்ல. இன்னும் வாசலில்தான் நிற்கிறார். வாசலில் நின்றபடியே வரி கட்டலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம், புல்வெளிக்குத் தண்ணீர் விடலாம். ஆட்சேபணை இல்லை.

எச்-1பி-யை விடாமல் வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள் விவரமானவர்கள். இல்லைதான். அதற்கு ஊரில் விசா முத்திரை வாங்க வேண்டும். 2025 டிசம்பரில் சமூக ஊடகச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்து, இந்தியாவில் குறித்திருந்த நேர்காணல்களை மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் லீவு போட்டு வந்தவர்கள், கல்யாண ஆல்பம் வந்த பிறகும் ஊரிலேயே இருந்தார்கள்.

இந்த மனுவில் கேட்கிற கேள்விகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா? அமெரிக்க அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்க எண்ணமா? இங்கே வந்து பலதாரமணம் செய்ய உத்தேசமா? 1933 மார்ச் 23 முதல் 1945 மே 8 வரை நாஜி அரசோடு சேர்ந்து யாரையாவது கொடுமைப்படுத்தினாயா என்றுகூடப் பல காலம் இந்தப் படிவத்தில் இருந்தது. 1980-ல் கும்பகோணத்தில் பிறந்த ஜாவா புரோகிராமர் நிதானமாக யோசித்து 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கவிழ்க்கவெல்லாம் அவருக்கு நேரம் ஏது ஐயா, புதுப்பிக்கவே சரியாக இருக்கிறது.

இத்தனை வருடம் ஏன் ஆகிறது என்றால், அதற்கு மூலம் 1990-ஆம் வருடச் சட்டம். வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, மனைவி மக்களையும் சேர்த்து. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழுதான் உச்சவரம்பு. நூற்றி நாற்பது கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் ஏழு, ஒரு தாலுகா அளவுக்கு ஆள் இருக்கும் ஐஸ்லாந்துக்கும் ஏழு. இதுதான் சமத்துவம். கணக்கில் வருவது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த மண். ராமேஸ்வரத்தில் பிறந்த தமிழன் இந்திய வரிசை. அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி, தலைமன்னாரில் பிறந்த தமிழன் பொது வரிசை. அதிகம் போனால் சில வருடம். ஒரே மொழி, ஒரே படிப்பு, ஒரே கம்பெனி, அடுத்தடுத்த நாற்காலி. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் வலி எடுத்தது ஒருவன் தாயார் செய்த பிழை. மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் கணவனும் நின்றுகொள்ளலாம் என்று சட்டத்தில் சலுகை உண்டு. ஆகவே வரன் பார்க்கிறவர்கள் செவ்வாய் தோஷத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பெண் குவைத்தில் பிறந்தவளா என்று பாருங்கள்.

இந்திய முதுகலைப் பட்டதாரி வரிசையில் புதிதாகச் சேர்கிறவர் 151 வருடம் நிற்க நேரும் என்று 2018-ல் கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. வரிசை முன்னால்தான் நகரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எந்தத் தேதிக்குள் வரிசையில் சேர்ந்தவருக்கு முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் அறிவிப்பார்கள். 2022 செப்டம்பரில் 2014 டிசம்பரைக் காட்டிய அந்தத் தேதி, அக்டோபரில் 2012 ஏப்ரலுக்குப் போனது. காலம் பின்னோக்கி ஓடுவதை இயற்பியலாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். வாஷிங்டனில் மாதாமாதம் புல்லட்டினாக வெளியிடுகிறார்கள்.

இந்த உச்சவரம்பை எடுத்துவிட 2019-ல் கீழவை 365-க்கு 65 என்று வாக்களித்தது. 2020 டிசம்பரில் மேலவையும் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டு அவையும் சம்மதித்தும், இரண்டையும் ஒன்றாக்க யாருக்கும் நேரம் இல்லாமல் மசோதா செத்துப்போனது. அதே 2020-ல் அட்டை அச்சடிக்கிற ஒப்பந்தம் முடிந்து, அனுமதி கிடைத்த சுமார் 75,000 வேலை அட்டைகள் அச்சாகாமல் கிடந்தன. ஆமாம், பிரிண்டர் பிரச்சினை. ஒஹையோவில் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் நகர்ந்தது.

நிற்க முடியாதவர்களுக்கு இப்போது கோல்டு கார்டு உண்டு. அரசாங்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் 'அன்பளிப்பு', அதற்கு மேல் 15,000 டாலர் பரிசீலனைக் கட்டணம். லஞ்சம் என்று சொல்ல முடியாது, ரசீது தருகிறார்கள்.

கிரீன் கார்டு கையில் வந்த மறுநாளே, "எல்லாரும் முறைப்படி வரிசையில வரணுங்க, நாங்க வரலையா?" என்று பொங்கல் விழாவில் உபதேசிக்கிற நம் அண்ணன்மார்களும் இந்த ஏற்பாட்டின் தூண்கள்தான். பாயசத்தோடு கேட்டதால் அப்போது பதில் சொல்லவில்லை.

2007 ஜூலையில், மனுப் போடலாம் என்று அறிவித்துவிட்டு வாக்கு மாறியபோது, இந்தியர்கள் துறையின் இயக்குநருக்குக் காந்தி வழியில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அவற்றை ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் முடிவும் மாறியது. அந்தக் காலத்தில் பூவுக்கு வேலை இருந்தது. இப்போது பூ அனுப்பினால், அனுப்பியவனின் சமூக ஊடகப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

எனவே பூ வேண்டாம். கட்டணப் பட்டியலில் ஒரு திருத்தம் செய்யட்டும். 260-ம் 630-ம் அப்படியே இருக்கட்டும். கட்டுகிறவர் யார் என்பதை மட்டும் மாற்றட்டும். அட்டை புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் 890 டாலரை, வரிசையில் நிற்கிறவனுக்கு, அவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்றாக, அவனை நிற்க வைத்தவர்கள் கட்டட்டும். முதல் தவணை, செத்த மசோதாவுக்கு நேரம் இல்லாமல் போன உறுப்பினர்களின் சம்பளத்திலிருந்து. தேதி தாண்டினால் அபராதம்.